25 டிகிரியில் இளகிப்போகும் மெழுகுதிரி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கோட்டாறு தொடங்கிக் குளச்சல், முட்டம், தூத்தூர் வரை குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் அன்று சாயங்காலம் எரிகிற மெழுகுதிரிக்குக் கணக்கே கிடையாது. பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்து மதிலைத் தாண்டினால் அந்தப் பக்கம் தென்னந்தோப்புதான். ஆனால் உள்ளே எரிவதில் தேங்காயின் பங்கு துளிகூட இல்லை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கிற பாரஃபின்தான் அத்தனையும். புவிசார் குறியீடு வாங்கிய ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் விளைகிற மாவட்டம் இது. செக்கும் எண்ணெய் மில்லும் இல்லாத சந்தையடி இங்கே குறைவு. இருந்தும் உள்ளூர் மெழுகுதிரிக்கும் உள்ளூர்த் தேங்காய்க்கும் தொடர்பே ஏற்படவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி இப்போது வேறு வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. 'கோக்கனட் வாக்ஸ்' என்று அச்சிட்ட கண்ணாடிக் குவளை மெழுகுதிரிகள் இணையத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. வீட்டிலேயே தேங்காய் எண்ணெயில் மெழுகுதிரி செய்யக் கற்றுத்தரும் காணொளிகளும் நிறைய. பார்த்துவிட்டு, செக்கில் ஆட்டிய எண்ணெயைக் குவளையில் ஊற்றித் திரி போட்டு வைத்தவர்களுக்கு நடந்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. திரி சாய்ந்து விழுந்தது. அவர்கள் செய்முறையில் பிழை எதுவும் இல்லை. அந்தச் செய்முறை எழுதப்பட்ட ஊரின் அறைக்குள் 18 டிகிரி, நம் அடுக்களையில் 31 டிகிரி. அவ்வளவுதான் விஷயம்.

உருகுநிலைதான் எஜமான்

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 டிகிரி செல்சியஸில் உருகும். மெழுகுதிரிக்குப் பயன்படும் பாரஃபின் பொதுவாக 55 முதல் 60 டிகிரியை ஒட்டி உருகும். தேன்மெழுகு 62 முதல் 64. திரியைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கொழுப்பு அமிலமான ஸ்டியரிக் அமிலம் 69ஐ நெருங்கும். குமரிக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பாலான மத்தியானங்கள் 30 டிகிரிக்கு மேல். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் குளியலறை பாட்டிலில் எண்ணெய் உறைந்து கிடப்பதும், அதை வெயிலில் வைத்து எடுப்பதும் நமக்குப் பழக்கம். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் அது கொஞ்சம் கூடுதல். ஆனால் பத்து மணிக்குள் அந்த உறைவு கரைந்துவிடும். மெழுகுதிரி என்றால் நாள் முழுவதும் தன் உருவத்தில் நிற்க வேண்டும். அந்தத் தகுதி தேங்காய் எண்ணெய்க்கு இங்கே வருடத்தில் சில மணி நேரம் மட்டுமே உண்டு.

இது ஏன் இப்படி என்பது இன்னும் சுவையானது. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டிச் செறிவுற்ற கொழுப்பு அமிலங்கள்தான். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். செறிவுற்ற கொழுப்பு என்றால் கெட்டியாக இருக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு ஏன் 25 டிகிரியிலேயே இளகுகிறது? காரணம் சங்கிலியின் நீளம். தேங்காய் எண்ணெயில் பாதியை நெருங்கி இருப்பது லாரிக் அமிலம், அதன் சங்கிலியில் 12 கார்பன் மட்டும். 8 கார்பன், 10 கார்பன் உள்ள இன்னும் குட்டையான அமிலங்களும் அதனுடன் கலந்திருக்கின்றன. ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன். சங்கிலி நீண்டால் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், உருக்கக் கூடுதல் சூடு வேண்டும். குட்டையானால் பிடி தளரும். இன்னொரு காரணமும் உண்டு. லாரிக் அமிலம் மட்டுமே சேர்ந்த சுத்தமான கொழுப்பு 46 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் தேங்காயில் பல நீளத்துச் சங்கிலிகள் ஒரே மூலக்கூறுக்குள் மாறிமாறி அமைந்திருப்பதால் சீராக அடுக்கி உறைய முடிவதில்லை. அதனால் உருகுநிலை சரேலென்று கீழே இறங்கிவிடுகிறது.

அப்படியானால் கடையில் விற்கிற தேங்காய் மெழுகு என்பது என்ன? எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, நிக்கல் வினையூக்கியின் துணையோடு, அழுத்தத்திலும் சூட்டிலும் அதைக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை வாங்கிய முறை இது. நம் வீடுகளுக்குள் டால்டா டப்பாவாக நுழைந்த வனஸ்பதியும் இதே வழியில் வந்ததுதான். ஹைட்ரஜன் போய்ச் சேர்வது செறிவுறாத, அதாவது ஹைட்ரஜன் இன்னும் நிரம்பாத இடங்களில் மட்டும். சோயா எண்ணெயில் அந்த இடங்கள் ஏராளம், அதனால் நீராக ஓடுகிற சோயா எண்ணெயை 50 டிகிரிக்கு மேல் உருகும் மெழுகாக மாற்றிவிட முடிகிறது. தேங்காய் எண்ணெயிலோ நிரப்புவதற்கு இடமே சொற்பம். எவ்வளவு ஹைட்ரஜன் ஏற்றினாலும் உருகுநிலை 33, 36 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. ஏற்கெனவே செறிவுற்றது என்ற அதன் குணமே இங்கே அதற்குத் தடை.

ஆகவே 'தேங்காய் மெழுகு' என்ற பெயரில் வருகிற கட்டி பெரும்பாலும் கலவைதான். கெட்டிப்படுத்திய தேங்காய் எண்ணெயோடு சோயா மெழுகோ, பனை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கெட்டிப் பகுதியான ஸ்டியரினோ, தேன்மெழுகோ, சில சமயம் பாரஃபினோ சேர்த்துத்தான் அது உருவத்தில் நிற்கிறது. கலப்பது குற்றமில்லை. மெழுகுதிரித் தொழிலே கலப்பதில்தான் நடக்கிறது. ஆனால் '100 சதவீதம் தேங்காய்' என்று எழுதிய குவளை சித்திரை மாதத்து உச்சிவேளையில் நாகர்கோவில் கடை அலமாரியில் கல்போல நின்றால், அந்த நூறில் தேங்காய் எவ்வளவு என்று கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

ராணியின் கல்யாணத்துக்கு இலங்கைத் தேங்காய்

தேங்காயில் மெழுகுதிரி என்பது இன்ஸ்டாகிராம் காலத்துப் புதுமை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1829இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சோம்ஸ் என்பவர், தேங்காய் எண்ணெயைக் குளிரவைத்து அழுத்திப் பிழிந்து, அதன் கெட்டிப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிக்கொண்டு 1830இல் தொழில் தொடங்கியதுதான் பின்னாளில் பெரும் நிறுவனமாக வளர்ந்த பிரைஸ் மெழுகுதிரிக் கம்பெனி. இலங்கையில் தென்னந்தோட்டமே வாங்கிப் போட்டார்கள். 1840 பிப்ரவரியில் விக்டோரியா ராணியின் திருமணத்தை ஒட்டி, ஜன்னல்களில் விளக்கேற்றி வைக்கிற லண்டன்வாசிகளுக்காக, தேங்காயின் கெட்டிப் பகுதியையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கலந்து மலிவான மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எரிய எரியத் திரியின் கருகலைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டிய தொல்லை அதில் இல்லை என்பதுதான் விற்பனைக்குப் பெரிய துணை.

அதற்கு முன் ஏழை வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்புத் திரி. புகையும் நாற்றமும் சொல்லி மாளாது. கொழுப்பு என்பது மூன்று அமிலச் சங்கிலிகளைக் கிளிசரின் பிணைத்து வைத்திருக்கும் அமைப்பு. திரி சரியாக எரியாமல் புகையும்போது அந்தக் கிளிசரின் பகுதி சிதைந்து, கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்ற வாயுவாக மாறும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரேல் கொழுப்பிலிருந்து கிளிசரினை விலக்கி, அமிலத்தை மட்டும் பிரித்து, 1825இல் இன்னொரு வேதியியலாளரான கே-லுசாக்குடன் சேர்ந்து மெழுகுதிரிக்கான காப்புரிமை எடுத்த பிறகுதான் சுத்தமாக எரியும் ஸ்டியரிக் அமிலத் திரி சாத்தியமாயிற்று. நம் வீட்டு நிலவிளக்கை ஊதி அணைத்தால் மூக்கில் ஏறும் அந்தக் காரமான புகையிலும் இதே சங்கதிதான் இருக்கிறது. பூவால் அமர்த்துவது சாஸ்திரம் என்பார்கள். மூக்குக்கும் அது நல்லதுதான்.

சோம்ஸ் முறையில் பிழிந்தெடுத்த தேங்காய் ஸ்டியரின் எவ்வளவு கெட்டி? சாதாரண எண்ணெயைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல், அவ்வளவே. பிப்ரவரி மாதத்து லண்டன் ஜன்னலில் அது விறைத்து நிற்கும். தேங்காயை அனுப்பிய இலங்கைக் கரையில் அதே திரி குழைந்து சாய்ந்திருக்கும். விளைந்த ஊரில் நிற்காத பொருள், விளையாத ஊரில் மெழுகுதிரியானது. தேங்காய் விளையும் நாடுகளில் அது எண்ணெய் விளக்காகவே எரிந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

முதலில் எண்ணெயாகவே எரியட்டும்

வீட்டில் செய்யப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கையில் தேங்காய் எண்ணெய் மட்டும் இருந்தால் அதை மெழுகாக்கப் பாடுபடாதீர்கள், விளக்காக எரியுங்கள். திருவட்டாறு, சுசீந்திரம் கோயில் விளக்குகளின் வடிவத்தைப் பாருங்கள். திரி நிமிர்ந்து நிற்பதில்லை, விளிம்பில் படுத்துக் கிடக்கிறது. காரணம் இருக்கிறது. தாவர எண்ணெய் கொழகொழப்பானது. மண்ணெண்ணெய் போலத் திரி வழியே மளமளவென்று உயரம் ஏறாது. சுடருக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் தடுமாறும். அரிக்கேன் விளக்கில் எண்ணெய் கீழே, சுடர் மேலே. நிலவிளக்கில் இரண்டும் ஒட்டி உறவாடுகின்றன. நீளக் குவளையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, அடியில் திரியைக் குத்தி நிறுத்தினால் எண்ணெய் மட்டம் இறங்கியதும் சுடர் சாவது இதனால்தான்.

இதற்குப் பழைய தீர்வு மிதக்கும் திரி. கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர், மேலே இரண்டு விரற்கடை எண்ணெய், அதன்மேல் கார்க் துண்டில் துளையிட்டுச் செருகிய சிறிய பருத்தித் திரி. கார்க்கின் மேற்புறம் சிறு தகட்டைப் பதித்துவிட்டால் கருகாது. எண்ணெய் மட்டம் இறங்க இறங்கத் திரியும் கூடவே இறங்கும், சுடர் எப்போதும் எண்ணெயின் முகத்திலேயே இருக்கும். எண்ணெய் தீர்ந்தால் திரி தண்ணீரில் நனைந்து தானாக அணையும். கடைசி நேரத்தில் கொஞ்சம் படபடவென்று பொரியும், பயப்பட வேண்டாம். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. அந்த மாதிரி நேரத்துக்கு இந்தக் குவளை விளக்கைவிட நம்பகமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. தட்டிவிட்டாலும் மண்ணெண்ணெய் போல் குபீரென்று பிடிக்காது, ஏனென்றால் தேங்காய் எண்ணெய் தீப்பற்ற மிக உயர்ந்த சூடு வேண்டும்.

எண்ணெயின் தரம் பற்றி ஒன்று. சமையலுக்குச் செக்கெண்ணெய் மேல் என்றால் விளக்குக்கும் மேல் என்று அர்த்தமில்லை. செக்கெண்ணெயில் நுண்ணிய கசடும் கொஞ்சம் ஈரமும் தங்கும். கசடு திரியின் இழைகளை அடைக்கும், ஈரம் பொரியும். தேங்காய்ப்பால் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்க எடுத்த எண்ணெயை இதற்கு வீணாக்க வேண்டாம். தெளியவைத்து வடிகட்டிய மில் எண்ணெய் போதும். சிக்கு வாடை வந்த பழைய எண்ணெயும் எரியும், ஆனால் அறைக்குள் அந்த வாடையும் கூடவே வரும், திண்ணைக்கு ஆகும்.

மார்த்தாண்டத்து மெழுகு

திரியாக, கட்டியாக, பரிசாகக் கொடுக்கிற மாதிரித்தான் வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெய்க்குத் துணை தேவை. அந்தத் துணையான தேன்மெழுகு இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுசீரமைப்புப் பணியில், ஸ்பென்சர் ஹேட்ச் பொறுப்பில் இருந்த காலத்தில், பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பதும் ஒரு பாடம். அதன்பின் ரப்பர் தோட்டங்கள் பரவின. ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் இளங்காம்பின் நுனியில். தையிலிருந்து பங்குனி வரை தோட்டங்களுக்குள் தேன்பெட்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கூண்டோடு காலி செய்தது. அதையும் தாண்டித்தான் இன்றைய மார்த்தாண்டம் தேன் நிற்கிறது.

தேன் நிறைய கிடைக்கிற ஊரில் மெழுகும் நிறைய கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. அடையைச் சுழல் இயந்திரத்தில் போட்டுத் தேனை மட்டும் சிதறடித்து எடுத்துவிட்டு, வெற்றடையை முழுதாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கிலோக்கணக்கில் தேன் குடித்தால்தான் தேனீ ஒரு கிலோ மெழுகு சுரக்கும், ஆகவே அடையை உடைப்பது நஷ்டம். மெழுகாகக் கிடைப்பது, தேன் எடுக்கும் முன் அறைகளின் மூடியைச் சீவித் தள்ளும் சீவலும், கறுத்துப்போன பழைய அடைகளும் மட்டும். அதனால்தான் விலை கூடுதல், பாரஃபின் கலப்படமும் கூடுதல். வாங்கும்போது கட்டியைக் கேட்டு வாங்கி உடைத்துப் பாருங்கள். நல்ல தேன்மெழுகு உடைந்த இடம் பளபளக்காது, மங்கலாக, நுண்ணிய மணல்போல் இருக்கும். தேன் வாடை லேசாக வீசும். பலிபீடத்து மெழுகுதிரியில் தேன்மெழுகு இருக்க வேண்டும் என்று திருச்சபை பல நூற்றாண்டுகளாக விதி வைத்திருந்தது.

தேன்மெழுகை மட்டும் குவளையில் ஊற்றி எரித்தாலும் சிக்கல் உண்டு. உருகுநிலை அதிகம் என்பதால் சுடரைச் சுற்றிக் கொஞ்சம்தான் உருகும், விளிம்பு அப்படியே நிற்க, நடுவில் கிணறு தோண்டியதுபோல் இறங்கிவிடும். ஆறும்போது சுருங்கி வெடிப்பும் விழும். இந்த இரண்டு குறைக்கும் மருந்து தேங்காய் எண்ணெய். அது கலவையை இளக்குகிறது, உருகிய குளம் விளிம்பு வரை பரவுகிறது, வெடிப்பும் குறைகிறது. தேங்காய்க்குக் கெட்டித்தன்மை தேன்மெழுகு தருகிறது, தேன்மெழுகுக்கு இளக்கம் தேங்காய் தருகிறது. இரண்டும் இந்த மாவட்டத்துப் பொருள்.

எவ்வளவுக்கு எவ்வளவு? வெளிநாட்டுக் குறிப்புகளில் பாதிக்குப் பாதி என்றிருக்கும். நம் வெயிலுக்கு அது போதாது. மேற்பரப்பில் எண்ணெய் வேர்த்து நிற்கும், விரல் வைத்தால் பதியும். எடையில் இரண்டு பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தொடங்குவது நல்லது. முடிவுசெய்யும் முன் சின்னச் சோதனை ஒன்று உண்டு. கலவையில் ஒரு கரண்டி எடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். அந்தத் துண்டைப் பழைய செய்தித்தாள்மேல் வைத்து, மொட்டைமாடிப் படிக்கட்டு நிழலில், நேர் வெயில் படாமல், மத்தியானம் முழுக்க விட்டுவிடுங்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தாளில் எண்ணெய் வளையம் விழுந்திருக்கும். வளையம் துண்டின் விளிம்பை ஒட்டி மெல்லிசாக இருந்தால் கலவை சரி. எழுத்துகள் மறுபக்கம் தெரிகிற அளவு அகலமாக ஊறியிருந்தால் இன்னும் மெழுகு சேர்க்க வேண்டும். தையில் தேறிய கலவை சித்திரையில் தோற்கும், ஆகவே சோதனையை வெயில் காலத்திலேயே செய்து வைத்துக்கொள்வது உத்தமம்.

100 கிராம் தேன்மெழுகு, 50 கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். குவளைக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவதென்றால், நடுத்தரச் சிரட்டையின் பாதி மூடி ஒன்றுக்கு இது ஏறத்தாழ போதும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சிறிய பாத்திரத்தில் மெழுகு உருக வேண்டும். உருகியபின் எண்ணெயைச் சேர்த்துக் கலக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, 70 டிகிரி வாக்கில் ஊற்றலாம். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் கட்டத் தொடங்குவதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஆறியதும் திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்கென்று கொஞ்சம் கலவையை மிச்சம் வைத்து இரண்டாம் முறை ஊற்றி நிரவ வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். செம்பும் பித்தளையும் வேண்டாம். பித்தளை விளக்கில் பச்சைக் களிம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. மெழுகும் பச்சை பிடிக்கும்.

திரி, சிரட்டை, வாசனை

வீட்டு மெழுகுதிரிகளில் பத்தில் எட்டு கெடுவது திரியால்தான் என்பது என் கணிப்பு. எரிவது மெழுகின் ஆவி. அதை மேலே ஏற்றும் குழாய் திரி. திரி மெலிந்தால் சுடர் தன் குளத்திலேயே முழுகிச் சாகும். தடித்தால் உறிஞ்சுவது மிஞ்சி, எரியாத கரி புகையாகக் கிளம்பிக் கண்ணாடியைக் கறுப்பாக்கும். தேங்காய் மெழுகு புகையே விடாது, பாரஃபின் விஷம் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீளத் திரியும் காற்றடிக்கிற ஜன்னலும் இருந்தால் எந்த மெழுகும் கரி விடும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய திரி அகல்விளக்குக்குப் பொருத்தம், மெழுகுதிரிக்குப் பொருந்தாது. முறுக்கிய திரி எரியும்போது நிமிர்ந்தே நின்று நுனியில் கரிமொட்டு கட்டும். பின்னல் திரியோ எரிய எரிய ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகும். 1825இல் பிரான்சில் கம்பசெரே என்பவர் கண்டுபிடித்த இந்தச் சின்ன உபாயம்தான் திரி கத்தரிக்கும் வேலையை ஒழித்தது. பருத்தி நூலைச் சடைபோல் மூன்றாகப் பின்னி, நாட்டு மருந்துக் கடை வெண்காரமும் உப்பும் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி நேராக இழுத்து உலர்த்தினால் வீட்டுத் திரி தயார். காயாமல் முக்கினால் எரியும்போது பொரியும்.

சிரட்டையில் ஊற்றிய மெழுகுதிரி பார்ப்பதற்கு அத்தனை அழகு. கன்னியாகுமரி சீசன் கடைகளில் சிரட்டைக் கைவேலை விற்கிறவர்களுக்கு இது இன்னொரு சரக்கு. ஆனால் சிரட்டை எரிபொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அதிலிருந்துதான். உட்புறத்து நாரையும் ஒட்டிய பருப்பையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். நார் ஒன்று மெழுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே இரண்டாவது திரியாகிவிடும். மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது, சூட்டு மெழுகு அதன் வழியே ஒழுகும். கண் இல்லாத பாதியை எடுப்பது சுலபம், கண்ணுள்ள பாதிதான் கிடைத்தது என்றால் கெட்டி மெழுகால் முதலில் அடைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிட வேண்டும், எனவே திரியையும் அந்த உயரத்துக்கு மேல்தான் நிறுத்த வேண்டும். மணல் பரப்பிய தட்டில் வைத்தால் உருளாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த வம்பே வேண்டாம், தடித்த கண்ணாடி டம்ளர் போதும்.

வாசனை சேர்க்க ஆசைப்படாதவர் இல்லை. தோவாளைப் பூச்சந்தை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், பிச்சிப்பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் மணம் இறங்கும் என்று நினைப்பார்கள். இறங்காது, வெந்த கீரை வாடைதான் வரும். பிச்சி, மல்லிகை மணம் சூட்டில் பறந்துவிடும் ரகம். பறித்த பிறகும் மணத்தைச் சுரந்துகொண்டே இருக்கும் பூக்கள் அவை. அதனால்தான் அந்தக் காலத்தில் எள்ளோடு பூவை அடுக்கடுக்காகப் போட்டு, சூடே காட்டாமல் மணமேற்றி, பிறகு எள்ளை ஆட்டினார்கள். கிராம்பு அப்படியல்ல, நீராவியில் வடித்தாலும் மணம் குலையாது. மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்குப் பேர் உண்டு, கன்னியாகுமரிக் கிராம்பு என்று புவிசார் குறியீடே இருக்கிறது. வடித்த கிராம்பு எண்ணெய் 150 கிராம் கலவைக்கு 6, 7 கிராம் தாராளம். அழகுக்காக முழுக் கிராம்பையும் காய்ந்த பூவையும் மேலே பதிப்பதைப் படங்களில் பார்க்கலாம். படம் எடுக்க மட்டும் அது சரி. ஏற்றினால் அவை தீப்பிடிக்கும்.

முதல் முறை ஏற்றும்போது, உருகிய குளம் விளிம்பைத் தொடும் வரை, அதாவது சிரட்டை அகலத்துக்கு மூன்று நான்கு மணி நேரம், அணைக்காமல் விடுவது நல்லது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முதல் நாள் பாதியில் அணைத்தால் அந்தச் சிறிய வட்டத்திலேயே அடுத்தடுத்த நாளும் கிணறாக இறங்கும்.

விற்கும் எண்ணம் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் கசக்கும். 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம். பாரஃபின் அப்போது அதில் பாதிகூட வரவில்லை. கல்லறைத் திருநாளுக்குக் கட்டுக்கட்டாகத் திரி வாங்குகிறவர் நம் சிரட்டை மெழுகுதிரியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், பார்க்கவும் வேண்டாம். மகளிர் குழுக்கள் இதில் இறங்கினால் போட்டி போட வேண்டியது பரிசுப்பொருள் சந்தையில். அங்கே 'மார்த்தாண்டம் தேன்மெழுகு, ஈத்தாமொழித் தேங்காய் எண்ணெய்' என்று இரண்டு பெயரையும் அளவோடு எழுதி ஒட்டுவது, 'கோக்கனட் வாக்ஸ்' என்று மொட்டையாகப் போடுவதைவிட நல்ல விலை கொண்டுவரும் என்றே நினைக்கிறேன். வெயில் காலத்தில் கூரியரில் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் எண்ணெய்ப் பங்கை மொத்தக் கலவையில் கால் பாகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்சல் வேன் உள்ளே நாம் நினைப்பதைவிடச் சூடு.

வேலை நடக்கும் இடத்தில் மூடி ஒன்றும், வாளியில் மணலும் இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் தீ பந்தாகக் கிளம்பும். மூடியைப் போட்டு அடுப்பை அணைத்தால் முடிந்தது. மிச்ச மெழுகைச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் போய் உறைந்து பிளம்பரைக் கூப்பிட வைக்கும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்தெடுங்கள். மெழுகு ஊறிய அந்தத் தாளைக் கதம்பலோடு (காய்ந்த தேங்காய் மட்டை) சேர்த்து வைத்தால், மழைக்காலத்தில் வெந்நீர் அடுப்பு ஒரே தீக்குச்சியில் பிடிக்கும்.